நாக்கு தொடாத இடம்

எல்லாரும் ஏறிய பிறகும் ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. பின்கதவை ஒட்டிய மூலை. மலைக்கு வேலைக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து மொக்கம்மாள் அந்த மூலையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்தால் தலையை வெளியே நீட்ட வசதி என்பாள். ஜீப்பு ஓட்டுகிற சின்ராசு அவள் பெற்ற மகன் என்பதால் அந்த மூலைக்கு யாரும் போட்டிக்கு வந்ததுமில்லை.

சின்ராசு இறங்கிப் பின்பக்கம் வந்து பார்த்தான். "ஆத்தா எங்க?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கண்ணில் படவில்லை என்றாள் ஒருத்தி. விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள் என்றாள் இன்னொருத்தி. எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி மழை காலையில் தூறலாகத் தொடங்கி மத்தியானத்துக்கு மேல் அடித்துப் பெய்துகொண்டிருந்தது. போடிமெட்டுப் பாதையில் கல் உருளுகிறது, எந்த நேரமும் வழியை அடைத்துவிடுவார்கள் என்று கீழேயிருந்து சேதி வந்ததால்தான் சூப்பர்வைசர் பேபிச்சன் வேலையைப் பாதியில் நிறுத்தியிருந்தார். ஏலச்செடிகளின் தலைக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் நிற்கிற மரம் இல்லாத மரமாகிக்கொண்டிருந்தது.

சின்ராசு பெண்களை இறக்கி, பின்னால் நின்ற இன்னொரு ஜீப்பில் நெருக்கி ஏற்றி அனுப்பினான். எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பேர் மட்டும் நாங்களும் தேடுகிறோம் என்று நின்றார்கள். பேபிச்சன் விடவில்லை. குட்டியோடு ஒரு யானைக்கூட்டம் காலையிலிருந்து எஸ்டேட்டுக்குள்ளேதான் சுற்றுகிறது, இந்த மஞ்சு மூட்டத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போனால் தேடப் போனவர்களையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும் என்றார்.

ஜீப்பு போன பிறகு ஏலக்காய் ஸ்டோர் வாசலில் மூன்று பேர் மிஞ்சினார்கள். சின்ராசு, பேபிச்சன், சின்ராசுவின் தங்கை அமுதவள்ளி. அமுதா அம்மாவின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அமுதா அங்கே வேலைக்கு வந்தவள் இல்லை. மதுரையில் மொழியியல் படிக்கிறாள். ஒரே ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆய்வு செய்கிறாள். ழ. நாக்கு பின்னால் மடிந்து மேலே போக வேண்டும், அண்ணத்தை நெருங்க வேண்டும், ஆனால் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அது ள. தொடாமல் அந்தரத்தில் நின்று, இடுக்கு வழியே மூச்சு போனால்தான் ழ. உலகத்து மொழிகளில் அது அபூர்வம். தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது. சீனமொழியின் ஒரு ரகரம் அதற்கு அக்காள் தங்கை முறை. பூமியின் மறுபக்கம், தென்னமெரிக்காவில், மாப்புச்சே மக்களின் பேச்சில் ஏறக்குறைய இதே ஒலி உண்டு என்று படித்த அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பனிமலை அடிவாரத்தில் முகம் தெரியாத ஒரு பெண் அடுப்பை ஊதிக்கொண்டே, நாக்கை மடித்து, தொடாமல் நிறுத்துவதை நினைத்தபடி கிடந்தாள்.

அவ்வளவு தூரத்தில் இருக்கிற நாக்குக்கு வருவது போடிக்குப் பக்கத்துச் சிலமலையில் அவள் வீட்டில் ஒருவருக்கும் வராது. அவர்களுக்கு மழை மளை, வழி வளி, பழம் பளம்.

இந்த எஸ்டேட்டில் அவள் ஆய்வுக்கென்றே வைத்தது போல இரண்டு பாறைகள் இருந்தன. கீழே ஓடையோரம் இருப்பது குளிப்பாறை. பெண்கள் துணி அலசிக் குளிக்கிற இடம். மேலே, சோலைக்காட்டை ஒட்டி இருப்பது குழிப்பாறை. அதன் அடியில் ஆள் ஒண்டும் அளவுக்கு ஒரு குழிவு. மலையாளம் பேசுகிறவர்களுக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். போடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வாயில் இரண்டுமே குளிப்பாறைதான். குழப்பம் வராமல் இருக்க மேக்குளிப்பாறை, கீக்குளிப்பாறை என்று சொல்லிக்கொள்வார்கள்.

இதைக் கண்டுபிடித்த அன்று அமுதா வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள். மேலே இருப்பது குழி, கீழே இருப்பதுதான் குளி, இரண்டும் வேறு வேறு சொல் என்று நாக்கை மடித்து மடித்துக் காட்டினாள். மொக்கம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "ரெண்டுலயும் பாறதான ஆத்தா இருக்கு" என்றாள்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. மொக்கம்மாளின் குரலைப் பதிவு செய்து வீட்டில் போட்டுக் காட்டியபோது சின்ராசு விழுந்து விழுந்து சிரித்தான். அமுதாவும் சிரித்தாள். மொக்கம்மாள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் ழ பழகத் தொடங்கினாள். எது எந்த இடம் என்று தெரியாததால் ள வருகிற இடத்திலெல்லாம் அதையே போட்டாள். பள்ளிக்கூடம் பழ்ழிக்கூடம் ஆனது. வெள்ளம் வெழ்ழம் ஆனது. வாடி புழ்ழ, சாப்புடு புழ்ழ என்று வீடே மாறிப்போனது. காலேசில் நாலு பேர் கேட்கிற குரல், அதில் நான் ஏன் குறைந்து போக வேண்டும் என்றாள்.

இன்று மறுபடி பதிவு செய்யத்தான் அமுதா அண்ணனோடு ஜீப்பில் வந்திருந்தாள். ஆய்வுக்கு வேண்டியது மனிதர்கள் இயல்பாகப் பேசுகிற பேச்சு. அம்மா ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் உருட்டி உருட்டித் திருத்திக் கொடுத்ததும் பொறுமை போய்விட்டது. எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, "நீ மாத்திப் பேசுனா எனக்கு ஒண்ணுக்கும் ஒதவாதும்மா. எப்பவும் பேசுறபடி பேசு" என்று எரிந்து விழுந்தாள். மொக்கம்மாள் சேலையில் குத்தியிருந்த சின்ன மைக்கைக் கழற்றி மகள் கையில் வைத்தாள். சரி என்றாள். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

போன் அடித்தது. திரையில் அம்மா.

அமுதா காதில் வைத்தாள். மழை இரைச்சல். அதற்குள்ளிருந்து, நனைந்த துணி போலக் கனத்த குரலில்: "அமுதா… க்குழிப்பா… கா…"

அறுந்துவிட்டது. திரும்ப அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது அதே அமைதியான பெண்குரல்.

ஆய்வுக்காக எல்லா அழைப்புகளும் பதிவாகும்படி அவள் போனில் வைத்திருந்தாள். மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்கள். முதல் துண்டு மழையில் போய்விட்டிருந்தது. மே-யா, கீ-யா, இருந்த தடமே இல்லை. ஆனால் நடுவில் நின்ற எழுத்து துலக்கமாக இருந்தது. ழ.

"குழி" என்றார் பேபிச்சன். "ழ தன்னே. மேலே போகாம்." போகலாம் என்று மேட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

சின்ராசு அவர் கையைத் தட்டிவிட்டான். "இருங்க சேட்டா. எங்காத்தா இப்பக் கீக்குளிப்பாறயவும் குழிப்பாறன்னுதான் சொல்லும். எல்லாத்துக்கும் ழ. இவ பழக்கிவிட்டது." பிறகு தங்கையைப் பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை, அதுதான் அவளை நடுக்கியது. "கா-ன்னுச்சே, காலா இருக்கும். கால ஒடச்சுக்கிட்டு ஓடைக்கரையில கெடந்தா என்ன ஆகும்?"

ஓடையின் சத்தம் ஸ்டோர் வாசல் வரைக்கும் கேட்டது. காலையில் அது சலசலத்தது. இப்போது லாரி லோடு இறக்குவது போல இடைவிடாமல் இரைந்தது.

குளிப்பாறை கீழே ஒரு பக்கம். குழிப்பாறை மேலே எதிர்ப்பக்கம். ஒன்றுக்குப் போய்விட்டு இல்லையென்று திரும்பி மற்றதற்குப் போவதற்குள் இருட்டிவிடும். தண்ணீர் அதுவரை காத்திருக்காது. பிரிந்து போகலாம் என்றான் சின்ராசு. பேபிச்சன் கையிலிருந்த பட்டாசுக் கட்டைக் காட்டினார். யானையைத் துரத்த இருப்பது அது ஒன்றுதான். அது இல்லாமல் யாரையும் எந்தப் பக்கமும் அனுப்ப மாட்டேன் என்றார். மேலும், அடிபட்டவளைத் தூக்கிக்கொண்டு சேற்றுச் சரிவில் நடக்க இரண்டு ஆண்கள் வேண்டும்.

இருவரும் அமுதாவைப் பார்த்தார்கள். அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

க்குழிப்பா. க்குழிப்பா.

எத்தனையோ நூறு குரல்களை இப்படிக் கேட்டிருக்கிறாள். நாக்கு எங்கே போனது, எவ்வளவு மடிந்தது என்று கணினித் திரையில் கோடுகளாகப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூட அந்தக் கோடுகளுக்கு அந்தப் பக்கம் ஓர் உயிர் இருந்ததில்லை.

யோசி, யோசி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பயந்துபோன மனிதர்கள் திருத்திப் பேசுவதில்லை. வலியிலும் பயத்திலும் நாக்கு பழைய வீட்டுக்குத்தான் திரும்பும். அதுவும் காலையில் அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கியவள். அம்மா ள-தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ழ சொல்லியிருக்கிறாள். அப்படியானால் வேண்டுமென்றே, அந்த வலியிலும், நாக்கை மடித்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். எதற்காக? மகளுக்கு வித்தியாசம் தெரியும் என்பதற்காக. பூண்டு உரித்தபடி கேட்காதது போலக் கேட்டிருக்கிறாள். குழி என்றால் மேலே.

"மேல" என்றாள் அமுதா.

"நெசமாத்தான் சொல்றியா?" என்றான் சின்ராசு. "தப்பாப் போச்சுன்னா…"

"மேலதாண்ணே."

ஏறினார்கள். ஏலச்செடிகள் தலைக்கு மேல் வளைந்து நின்றன. இலை உரசிய இடத்திலெல்லாம் சட்டைக்குள் தண்ணீர் இறங்கியது. அட்டைகள் கணுக்காலில் ஏறுவது தெரிந்தும் யாரும் குனியவில்லை. பேபிச்சன் முன்னால் போனார். திடீரென்று கையை உயர்த்தி நிறுத்தினார். பாதை நடுவில் ஒரு குவியல் சாணம் கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். இடப்பக்கம், கை நீட்டினால் எட்டுகிற தூரமோ, நூறு அடி தள்ளியோ, மூடுபனியில் எதையும் சொல்ல முடியவில்லை, செடியின் தண்டு முறிகிற சத்தம் கேட்டது. நிதானமான சத்தம். அவசரமே இல்லாத ஒன்று அங்கே நின்று மென்றுகொண்டிருந்தது. பெரிய வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உறுமல் எழுந்து அமுதாவின் காலடி மண் வழியாக நெஞ்சுக்கு ஏறியது. பேபிச்சன் பட்டாசைப் பற்றவைக்கவில்லை. குட்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் வெடித்தால் தாய் நம் மேல்தான் வரும் என்று அவர் காலையில் சொல்லியிருந்தார்.

அந்த நிற்பில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் யாரோ அமுதா என்று கூப்பிடுவது போல இருந்தது. தண்ணீர் எதைக் கேட்க விரும்புகிறோமோ அதைச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது. சின்ராசுவும் திரும்பித் திரும்பிக் கீழே பார்த்தான். ரெண்டுலயும் பாறதான ஆத்தா இருக்கு. அம்மா கேட்கவே இல்லையோ? பூண்டில்தான் கண்ணாக இருந்தாளோ? பழகிய தோஷத்தில் வாய் தானாக ழ போட்டிருந்தால்? இத்தனை நேரத்தில் தண்ணீர் பாறைக்கு மேல் ஏறியிருக்கும். அவள் கால்கள் கீழே ஓடப் பார்த்தன. மேலே ஏற மறுத்தன. அண்ணே, கீழ போயிருவோம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். யானைக்குப் பயந்து மூடிக்கொண்டாள்.

முறிகிற சத்தம் மெல்ல நகர்ந்து விலகியது. பேபிச்சன் கையைக் கீழே இறக்கினார். அதற்கு மேல் நடக்கவில்லை, ஓடினார்கள்.

குழிப்பாறை மூடுபனிக்குள்ளிருந்து மொத்தமாக எழுந்து வந்தது. அடியிலிருந்த குழிவு இருட்டாக இருந்தது. "ஆத்தா" என்றான் சின்ராசு. பதில் இல்லை. பேபிச்சன் டார்ச் அடித்தார். விறகுக் கட்டு ஒன்று சிதறிக் கிடந்தது. அதற்கு அப்பால் சுருட்டி வைத்த சாக்கு போல மொக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். மோவாயிலும் சேலை முன்பக்கத்திலும் ரத்தம். கண் திறந்திருந்தது. டார்ச்சுக்குக் கண்ணைச் சுருக்கியபோதுதான் அமுதா மூச்சு விட்டாள்.

சின்ராசு ஆத்தாளைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். அமுதா பக்கத்தில் விழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எவ்வளவு தெளிவாச் சொன்னம்மா. நீ ழ சொன்னதுனாலதான் இங்க வந்தோம். இல்லாட்டிக் கீழ போயிருப்போம்."

மொக்கம்மாள் அவளை விளங்காமல் பார்த்தாள். "காழு…" என்றாள். காலைக் காட்டினாள். கணுக்கால் பூசணி போல வீங்கியிருந்தது. பாறையில் வழுக்கி முகம் குப்புற விழுந்தது, போனும் சேற்றில் போனது என்று பாதிச் சொல்லிலும் பாதிச் சைகையிலும் சொன்னாள். எழுத்துகள் குழைந்து குழைந்து வந்தன. பிறகு மகளிடம் திரும்பினாள்.

"என்ன ழ? நீதான காழையிழ மாத்திப் பேசாதன்ன. பழையபடிதான் சொன்னேன். மேக்குழிப்பாறன்னு."

காழு. காழை. ழ பழகிய இத்தனை நாளில் மொக்கம்மாள் ல-வின் மேல் கை வைத்ததே இல்லை.

அமுதா டார்ச்சை வாங்கினாள். "வாயத் தெறம்மா."

நாக்கின் நுனியில் பல் பதிந்து கிழிந்திருந்தது. இரண்டு பங்காக வீங்கி, வாய்க்குள் கனத்துக் கிடந்தது. அம்மா ள சொல்ல முயன்றாள். நாக்கு எழுந்தது, பாதி தூரம் போனது, அண்ணத்தைத் தொட முடியாமல் அந்தரத்தில் நின்றது. ழ என்று கேட்டது.

அமுதா டார்ச்சை அணைத்தாள். மழை பாறைக்கு வெளியே இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா கீழே கிடந்திருந்தாலும் போனில் இதே ஒலிதான் வந்திருக்கும். இதே ழ. அவள் இதே காரணத்தைச் சொல்லி, இதே நிச்சயத்தோடு, எல்லாரையும் மேலே கூட்டி வந்திருப்பாள்.

சின்ராசுவும் பேபிச்சனும் மாறி மாறிச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். ஜீப்பு கேட்டைத் தாண்டி ஓடைப்பாலத்தில் ஏறியபோது பேபிச்சன் கையை நீட்டிக் காட்டினார். குளிப்பாறை இருந்த இடத்தில் பாறை இல்லை. செம்மண் தண்ணீர் ஒரு மேடு போல எழும்பி, அதன் மேல் ஒரு முழுமரம் வேரோடு சுழன்றுகொண்டிருந்தது. பேபிச்சன் தன் வீட்டு முக்கில் இறங்கிக்கொண்டார். இறங்கும்போது அமுதாவின் தலையில் கை வைத்து, "மிடுக்கி" என்றார், கெட்டிக்காரி என்று மெச்சுகிற குரலில்.

மொக்கம்மாள் தன் மூலையில், மகள் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். போடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் போதும். மெட்டு செக்போஸ்டில் கேட்டைப் பாதி இறக்கியிருந்தார்கள். அடிபட்ட ஆளைக் காட்டியதும், உங்கள் பொறுப்பு என்று சொல்லி விட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின.

"ஒன் படிப்பு படிப்புதான் புள்ள" என்றான் சின்ராசு, கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல். "நான் சொன்ன வளியே போயிருந்தா ஆத்தா அங்கனயேதான் கெடந்திருக்கும், குளுர்ல வெறச்சு. இனிமே ஒன்னய ஒரு வார்த்த கேலி பேச மாட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். இல்லண்ணே என்று சொல்ல வேண்டும். நாக்கின் மேல் அந்தச் சொல் நின்றது. சொன்னால் அவனும் இதைச் சுமக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது வளைவில் சின்ராசு பிரேக்கை மிதித்தான். விளக்கு வெளிச்சம் வெள்ளைச் சுவரில் மோதி அப்படியே திரும்பி வந்தது. எங்கோ கற்கள் உருண்டன. முதலில் சின்னது, பிறகு பெரியது. அவன் எஞ்சினை நிறுத்தினான்.

"ஒண்ணுமே தெரியல. மேல இருந்து நமக்கு முன்னால விழுதுன்னா இங்கனயே நிக்கணும். கீழ ரோடு சரியுதுன்னா இங்கன நிக்கவே கூடாது, வெரசா ரிவர்ஸ் போயிரணும்." அவன் திரும்பி அவளைப் பார்த்தான். குழந்தை தாயைப் பார்ப்பது போல முழு நம்பிக்கையோடு பார்த்தான். "எனக்குக் காது பத்தாது. நீ கேட்டுச் சொல்லு."

அமுதா தலையை வெளியே நீட்டினாள். மழை முகத்தில் அடித்தது. மடியில் அம்மா தூக்கத்தில் என்னவோ முனகினாள், எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாக. கற்கள் மறுபடி உருண்டன. சத்தம் மலையில் மோதி, பள்ளத்தில் மோதி, எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

"சொல்லு புள்ள. மேலயா, கீழயா?"

அவளுடைய நாக்கு வாய்க்குள் எழுந்தது. எதையும் தொடாமல் அப்படியே நின்றது.